நவாஹோ மண்ணில் துப்பறிதல்: புராணம், உருவகம், அறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே நடக்கும் டோனி ஹில்லர்மனின் துப்பறியும் நாவல்களைக் கையில் எடுக்கிறவர்கள் ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடு வந்து நிற்கிறார்கள். பல வருடங்களாக இந்த நாவல்களைத் திரும்பத் திரும்பப் படிப்பவன் என்ற முறையில் அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தருகிறேன். மூன்று நான்கு நாவல்களின் முடிச்சுகளை அவிழ்க்காமல் அறத்தைப் பற்றிப் பேச முடியாது. கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

யார் இந்த ஹில்லர்மன்? அவர் நவாஹோவா?

இல்லை. 1925இல் ஓக்லஹோமாவில் சேக்ரட் ஹார்ட் என்ற சிற்றூரில் பிறந்த வெள்ளைக்கார விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. படித்தது பொட்டவாட்டமி பழங்குடிச் சிறுமிகளுக்கான பள்ளியில். இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் படுகாயமடைந்து 1945இல் ஊர் திரும்பினார். அந்தக் கோடையில் எண்ணெய்க் கிணற்றுக்கான தளவாடங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு நியூ மெக்ஸிகோவின் கிரௌன்பாயிண்ட் பக்கம் போனபோது, சடங்கு உடையில் குதிரையேறி வந்த நவாஹோ மனிதர்களைப் பார்த்தார். பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பிய தங்கள் பிள்ளைகளுக்காக அவர்கள் 'எதிரி வழி' என்ற சடங்கை நடத்திக்கொண்டிருந்தார்கள். போரில் கொன்றவன், பிணங்களுக்கு நடுவே இருந்தவன், வீட்டுக்கு வந்ததும் பழையபடி வாழத் தொடங்கிவிட முடியாது. ஒட்டிக்கொண்டு வந்ததைக் கழுவிப் போக்க வேண்டும். அதற்கு ஊரும் உறவும் கூட வேண்டும். அதுதான் அந்தச் சடங்கின் பொருள்.

பார்த்துக்கொண்டிருந்த அந்த இளைஞரும் போரிலிருந்து திரும்பியவர்தான். அவர் பிற்காலத்தில் எழுதிய அத்தனை நாவல்களுக்கும் விதை அந்தக் காட்சியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்புறம் பத்திரிகையாளராக வேலை பார்த்தார், நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தார். 1970இல் முதல் நவாஹோ நாவல், 2006இல் கடைசி நாவல், மொத்தம் பதினெட்டு. 2008இல் காலமானார். முதல் நாவலின் கைப்பிரதியைப் படித்த முகவர், திருத்தி எழுதுவதானால் அந்த 'இந்தியன்' சமாச்சாரங்களை, அதாவது பழங்குடி விஷயங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்றாராம். நல்லவேளை, ஹில்லர்மன் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை.

கதை நடக்கும் இடம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் தென்மேற்கில். அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களுக்குள் பரந்து கிடக்கும் நவாஹோ தேசம் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர். தலைநகர் விண்டோ ராக். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் டினே, 'மக்கள்' என்று பொருள். நான்கு திசைக்கு நான்கு புனித மலைகள்: கிழக்கே பிளாங்கா சிகரம், தெற்கே டெய்லர் மலை, மேற்கே சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள், வடக்கே ஹெஸ்பெரஸ். இவற்றுக்கு நடுவில் வாழும்படி தங்களுக்குச் சொல்லப்பட்டது என்பது அவர்கள் நம்பிக்கை.

1864இல் அமெரிக்க ராணுவம் அவர்களை இந்த மலைகளுக்கு வெளியே, சம்னர் கோட்டை என்ற இடத்துக்கு நடத்தியே விரட்டிச் சென்றது. பசியிலும் நோயிலும் ஏராளமானோர் செத்தார்கள். 1868 ஜூன் மாதம் ஓர் ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தார்கள். நாவல்களில் யாராவது ஒரு கிழவர் தன் பாட்டியின் பாட்டி நடந்த கதையைச் சொல்லும்போது அவர் சொல்வது இந்த நெடும்பயணத்தைத்தான்.

துப்பறிவாளர் யார்?

இரண்டு பேர். இருவரும் நவாஹோ காவல்துறையைச் சேர்ந்தவர்கள். மூத்தவர் லெஃப்டினன்ட் ஜோ லீப்ஹோர்ன். சுவரில் பெரிய வரைபடத்தை மாட்டி, ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு குண்டூசி குத்தி வைப்பவர். தற்செயல் என்று ஒன்று இருப்பதாகவே ஒத்துக்கொள்ளாதவர். சூனியப் பேச்சு காதில் விழுந்தாலே எரிச்சல் அடைபவர். இளையவர் ஜிம் சீ. பகலில் போலீஸ்காரர், ஓய்வு நேரத்தில் தன் மாமாவிடம் சடங்குப் பாடல்களைக் கற்றுக்கொள்ளும் மாணவர். நோய் தீர்க்கும் பாடகரை ஹத்தாலி என்பார்கள். அப்படி ஆக வேண்டும் என்பது ஜிம்மின் ஆசை.

ஒருவர் அறிவு, மற்றவர் நம்பிக்கை என்று பிரித்துவிடத் தோன்றும். ஆனால் லீப்ஹோர்னின் தற்செயல் மறுப்பு நவாஹோ சிந்தனையிலிருந்து வருவது. எல்லாமே ஒன்றோடொன்று கோத்திருக்கிறது, ஒரு பூச்சியின் அசைவுக்கும் காரணமும் விளைவும் உண்டு என்று சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர் அவர். தெய்வங்களைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருக்கலாம், கோர்வையைப் பற்றி இல்லை.

ஹோஷோ என்ற சொல் அடிக்கடி வருகிறதே, அதற்கு என்ன பொருள்?

தமிழில் ஒரே சொல்லில் பிடிக்க முடியவில்லை. அழகு, நலம், ஒழுங்கு, இசைவு எல்லாம் அதற்குள் அடக்கம். உலகத்தோடும் உறவுகளோடும் தன்னோடும் பொருந்தி இருக்கும் நிலை என்று சொல்லலாம். மழை பெய்யவில்லை என்றால் மழையை வரவைப்பதைவிட, வறட்சியோடு தன்னைப் பொருத்திக்கொள்வதைத்தான் நவாஹோ வழி முதலில் கேட்கும் என்று ஜிம் ஓரிடத்தில் சொல்வார்.

வழக்கமான துப்பறியும் கதையில் கொலை என்பது ஒரு புதிர். இந்த நாவல்களில் கொலை என்பது இந்தப் பொருத்தம் கலைந்ததற்கான அறிகுறி. ஆகவே கொலைகாரனைப் பிடிப்பதோடு வேலை முடியாது. எது இடம் பெயர்ந்தது, அதை எப்படித் திரும்ப வைப்பது என்ற கேள்வி பாக்கி நிற்கும். நாவலின் கனமான பகுதி பெரும்பாலும் குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகு தொடங்குவது இதனால்தான்.

நவாஹோ புராணம் தெரியாமல் படித்தால் புரியுமா?

கதை புரியும். ஆனால் ஒரு கதையை மட்டும் தெரிந்துகொண்டு போனால் பல இடங்கள் வேறு மாதிரி ஒளிரும். அது இரட்டையர் கதை.

உலகத்தில் அரக்கர்கள் மனிதர்களைத் தின்றுகொண்டிருந்த காலம். மாறும் பெண் என்ற தெய்வத்துக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். ஒருவன் அரக்கர்களை அழிப்பவன், மற்றவன் தண்ணீருக்குப் பிறந்தவன். தகப்பன் சூரியனைத் தேடிப் போகிறார்கள். பிள்ளைகள்தானா என்று சூரியன் கடுமையாகச் சோதிக்கிறான். சோதனைகளைத் தாங்கியதும் மின்னல் அம்புகளைத் தருகிறான். திரும்பி வந்து டெய்லர் மலையடியில் பெரிய அரக்கனைக் கொல்கிறார்கள். கிராண்ட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பல மைல் தூரம் உறைந்து கிடக்கும் கரிய எரிமலைக் குழம்பு அந்த அரக்கனின் ரத்தம் என்று இன்றும் காட்டுவார்கள்.

இதுவரை எல்லா நாட்டுப் புராணத்திலும் இருப்பதுதான். இதற்குப் பிறகு வருவதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பெரிய அரக்கர்கள் எல்லாம் ஒழிந்த பிறகும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள். முதுமை, குளிர், வறுமை, பசி. அரக்கர்களை அழிப்பவன் ஒவ்வொன்றையும் கொல்லப் போகிறான். முதுமை சொல்கிறாள்: நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் வளர்வதும் பெறுவதும் நின்றுபோகும். குளிர் சொல்கிறாள்: நான் போனால் எப்போதும் வெயில்தான், ஊற்றுகள் வற்றிவிடும். வறுமை சொல்கிறது: பழைய துணி கிழியாவிட்டால் புதியதை யார் நெய்வார்? பசி சொல்கிறது: நான் செத்தால் வேட்டைக்கும் சமையலுக்கும் என்ன ருசி? அவன் யோசித்துப் பார்த்து அவர்களை உயிரோடு விட்டுவிட்டு வருகிறான். வீரன் கையில் ஆயுதம் இருக்கும்போதே எதிராளி சொல்வதைக் கேட்டு, நியாயம் இருந்ததால் விட்டுவிட்டு வரும் புராணம் இது.

அதோடும் முடியவில்லை. அரக்கர்களைக் கொன்ற இரட்டையர்களே நோயில் விழுகிறார்கள். கொன்றது நியாயத்துக்காகத்தான், ஆனாலும் கொலை கொலைதான், ரத்தம் ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குச் சடங்கு செய்துதான் குணமாக்க வேண்டியிருந்தது. 1945இல் அந்த லாரி ஓட்டுநர் பார்த்த சடங்கின் வேர் இந்தக் கதையில் இருக்கிறது.

அப்படியானால் இந்த நாவல்களில் தீமை எங்கிருந்து வருகிறது?

ஒழுக்கம் கெட்டவனைப் பற்றி நவாஹோக்கள் சொல்வது: 'சொந்தபந்தமே இல்லாதவன் போல நடக்கிறான்.' ஒரு மனிதன் தாயின் குலத்தில் பிறக்கிறான், தந்தையின் குலத்துக்காகப் பிறக்கிறான். இரண்டு பேர் சந்தித்தால் முதலில் இந்தக் குலங்களைத்தான் சொல்லிக்கொள்வார்கள், உறவு எங்கே தட்டுப்படுகிறது என்று பார்ப்பார்கள். உறவு என்றால் கடமை. உறவினர் பட்டினி கிடக்கும்போது ஒருவன் மட்டும் செல்வம் சேர்த்துக்கொண்டே போனால் அவன்மேல் சூனியச் சந்தேகம் வருவதுகூட உண்டு.

இன்னொரு விளக்கம் காற்று. ஒவ்வொரு உயிருக்குள்ளும் காற்று புகுந்து நிற்கிறது, பேச்சையும் எண்ணத்தையும் அதுதான் தருகிறது என்பது நவாஹோ நம்பிக்கை. தவறான காற்று உள்ளே புகுந்தால் மனிதன் நிலை தவறுகிறான். 1982இல் வந்த 'த டார்க் விண்ட்' நாவலின் பெயரே இந்த இருண்ட காற்றுதான். அதில் ஜிம்முக்கு ஒரு விஷயம் பிடிபடவே மாட்டேன் என்கிறது: பழிவாங்குதல். ஒருவன் தீங்கு செய்தால் அவனுக்குள் இருண்ட காற்று புகுந்திருக்கிறது, அவனைக் குணப்படுத்தலாம், இல்லாவிட்டால் விலகிப் போகலாம். கணக்குத் தீர்ப்பதற்காக அவனைத் தேடிப் போனால் போகிறவனுக்குள்ளும் அதே காற்று புகும். கதை முழுக்க ஒரு தகப்பனின் பழிவாங்கல்தான் சம்பவங்களை நடத்துகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஜிம் முதலில் தனக்கு இயல்பில்லாத ஒரு மனநிலைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

கடைசியில் அவர் கையில் கோடிக்கணக்கில் விலைபோகும் கொக்கெயின் பெட்டிகள் இருக்கின்றன. மழை கொட்டுகிறது, வறண்ட ஓடையில் வெள்ளம் வருகிறது. சாட்சியமாகக் கொண்டுபோய் ஒப்படைக்காமல் அத்தனையையும் வெள்ளத்தில் கொட்டுகிறார். சட்டப்படி தவறு. ஆனால் அந்தப் பொடிக்காக எத்தனை பேர் செத்தார்கள் என்று கூடவே வந்த வாசகனுக்கு அது குற்றமாகப் படவில்லை, வீட்டைக் கழுவிவிடுவது போல இருந்தது. எனக்கு அப்படித்தான் இருந்தது.

பேய், சூனியம் எல்லாம் நிஜமாகவே வருமா?

வராது. ஆனால் அவற்றை நம்பும் மனிதர்கள் வருவார்கள், நம்பிக்கையே தடயமாகும். செத்தவனிடம் இசையாமல் எஞ்சி நின்ற கெட்டது மட்டும் பின்தங்கிவிடும், அதைச் சிண்டி என்பார்கள். நல்லது போய்விடும். அதனால்தான் யாராவது வீட்டுக்குள் இறந்தால் வடக்குச் சுவரை உடைத்துப் பிணத்தை வெளியே எடுத்துவிட்டு அந்த வீட்டையே கைவிடுவார்கள்.

1984இல் வந்த 'த கோஸ்ட்வே' நாவலில் ஒரு பிணம் நவாஹோ முறைப்படி அடக்கம் செய்யப்பட்டதுபோலத் தெரிகிறது. வீடும் முறைப்படி கைவிடப்பட்டிருக்கிறது. ஆனால் செத்தவனின் தலைமுடியை யூக்கா என்ற செடியின் வேர் நுரையால் கழுவவில்லை. மரபு தெரிந்த ஒரு கிழவர் அதை மறந்திருக்க மாட்டார். பாட்டிமார் வழியாக வந்த அறிவு இங்கே தடயவியல் ஆகிவிடுகிறது. பிறகு அந்த வீட்டின் உடைந்த சுவர் வழியாக உள்ளே போக வேண்டிய கட்டாயம் ஜிம்முக்கு வருகிறது. ஒரு போலீஸ்காரருக்கு அது சாதாரணச் சோதனை. ஹத்தாலி ஆகப் போகிறவருக்கு எல்லை தாண்டல். அந்தச் சில நொடித் தயக்கத்தை ஹில்லர்மன் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார்.

லீப்ஹோர்னின் சூனிய வெறுப்புக்கும் பின்கதை உண்டு. வேலைக்குப் புதிதாக வந்த காலத்தில் சூனிய வதந்தி ஒன்றை வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார். அது கொலைகளில் முடிந்தது. சூனியம் பொய்யாக இருக்கலாம், சூனியப் பயம் பொய் இல்லை என்பதை அன்று கற்றுக்கொண்டார்.

'ஸ்கின்வாக்கர்ஸ்' நாவலில் வரும் மருத்துவர் கெட்டவரா, நல்லவரா?

என்னைக் கேட்டால் ஹில்லர்மனின் வில்லன்களில் மிகவும் தொந்தரவு செய்பவர் இவர்தான். 1986இல் வந்த நாவல். தோலுடுத்தி மிருகமாக நடமாடும் சூனியக்காரரைப் பற்றிய நவாஹோ நம்பிக்கையிலிருந்து பெயர் வந்தது. பேட்வாட்டர் என்ற எட்டாக்கையில் டாக்டர் பாஹே யெல்லோஹார்ஸ் ஒரு மருத்துவமனை நடத்துகிறார். நவீன மருத்துவத்தோடு பளிங்குக் கல்லில் பார்த்துக் குறி சொல்வதையும் கலந்து வைத்திருக்கிறார், மக்கள் நம்பி வரட்டும் என்று. பணம் போதவில்லை. செத்துப்போன நோயாளிகளுக்கு இன்னும் சிகிச்சை நடப்பதாகக் கணக்கு எழுதிப் பணம் வாங்குகிறார். தனக்காக ஒரு காசு எடுப்பதில்லை, எல்லாம் மருத்துவமனைக்கு. இது வெளியே வந்துவிடும் என்ற நிலையில், தெரிந்தவர்கள் சாக வேண்டியிருக்கிறது.

அவருடைய கணக்கு எளிமையானது: நாலைந்து உயிர் போனாலும் இந்த மருத்துவமனை இருந்தால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் பிழைக்கும். இந்தக் கணக்கைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. அந்த நிலப்பரப்பில் அடுத்த மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம் போக வேண்டும் என்பதை நாவல் காட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் அவர் கொலைகளை எப்படி நடத்தினார் என்று பாருங்கள். பிழைக்க வாய்ப்பே இல்லாத குழந்தையோடு ஒரு தாய் வருகிறாள். உன் குழந்தைக்குச் சூனியம் வைத்தது இன்னார், அவனைக் கொன்றால் குழந்தை பிழைக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை ஊட்டப்படுகிறது. அந்த இன்னார் ஜிம். ஒருநாள் இரவு ஜிம்மின் டிரெய்லர் வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு துப்பாக்கிக் குண்டுகள் பாய்கின்றன, அவற்றோடு ஒரு சிறு எலும்பு மணி. சூனியக்காரன் உடலுக்குள் எலும்பைச் செலுத்தித்தான் நோய் தருவான் என்பது நம்பிக்கை.

நவாஹோ மரபில் சூனியக்காரன் யார்? சடங்கு அறிவு முழுவதும் உள்ளவன், ஆனால் அதைத் தலைகீழாகத் திருப்பியவன். குணமாக்கும் பாட்டைக் கொல்வதற்குப் பாடுகிறவன். டாக்டருக்குச் சூனியத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வைத்தியத்தைத் தலைகீழாக்கியவர் அவர்தான், ஒரு தாயின் துக்கத்தை ஆயுதமாக எடுத்தவர் அவர்தான். நாவலின் பெயர் சுட்டும் ஆள் யார் என்று கேட்டால் என் விரல் அவர் பக்கம்தான் நீளும்.

இவற்றை உருவகக் கதைகள் என்று சொல்லலாமா?

இது இதைக் குறிக்கிறது, அது அதைக் குறிக்கிறது என்று பட்டியல் போடும் வகை உருவகம் இல்லை. அப்படிப் படித்தால் நவாஹோ புராணம் வெறும் குறியீட்டுக் கிடங்கு ஆகிவிடும். அந்த மக்களுக்கு அது வாழ்கிற மதம்.

ஆனால் புராண நிழல் விழும் இடங்கள் உண்டு. 1988இல் வந்த 'எ தீஃப் ஆஃப் டைம்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். காலத்தைத் திருடுகிறவர்கள் என்று அதில் சொல்லப்படுவது சாக்கோ பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் பண்டை மக்கள் வாழ்ந்த பாழடைந்த வீடுகளைத் தோண்டிப் பானைகளை விற்பவர்களை. எலும்புகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பானையை எடுப்பார்கள். ஆய்வுப் புகழுக்காகத் தோண்டுகிறவர் இதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் நாவல் கேட்கிறது. இதே நாவலில்தான் லீப்ஹோர்னின் மனைவி எம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருக்கின்றன. ஓய்வு பெற விண்ணப்பித்துவிட்டு வெறுமையோடு அலைகிறார். அவர் காலத்தையும் எதுவோ திருடிக்கொண்டு போயிருக்கிறது. ஆசிரியர் இதை எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடைசிப் பக்கத்தில், சடங்குகளில் நம்பிக்கை இல்லாத அந்த மனிதர் ஜிம்மிடம் கேட்கிறார்: எனக்காக ஓர் 'ஆசி வழி' பாடுவாயா? அவ்வளவுதான். அந்த வரிக்காகவே முழு நாவலையும் மறுபடி படித்திருக்கிறேன்.

போலீஸ்காரர் குற்றவாளியை விட்டுவிடும் நாவல் எது? அது சரியா?

1993இல் வந்த 'சேக்ரட் கிளௌன்ஸ்'. இதைப் பற்றித்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள்.

ஒருவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, சாலையோரம் நடந்த ஒரு கிழவரை மோதிவிட்டு நிற்காமல் போய்விடுகிறான். பிறகு ஒரு வானொலி நிலையத்துக்குப் போய், நவாஹோ மொழியில், தப்புச் செய்துவிட்டேன், குடித்திருந்தேன், அந்தக் குடும்பத்துக்குத் தொடர்ந்து பணம் அனுப்புவேன் என்று பேசிவிட்டு மறைகிறான். கண்டுபிடித்தால் ஜிம்முக்குப் பதவி உயர்வு உண்டு. தேடிப் போகிறார். ஆளும் கிடைக்கிறார். அவரோடு ஒரு பேரன் இருக்கிறான். வயிற்றில் இருக்கும்போதே தாயின் குடிப்பழக்கத்தால் மூளை பாதிக்கப்பட்டவன். அந்தப் பையனுக்குத் தாத்தாவைத் தவிர நாதி இல்லை.

ஜிம் அவரைக் கைது செய்வதில்லை.

இதற்கு முன்பு, பெயர் சொல்லாமல், வழக்கறிஞரான தோழி ஜேனட் பீட்டிடம் இந்தக் கேள்வியைப் போட்டு விவாதிக்கிறார். வெள்ளைக்காரச் சட்டம் தண்டனையைக் கேட்கிறது, நவாஹோ வழி இசைவைத் திருப்பி வைக்கச் சொல்கிறது. சிறையில் போட்டால் பணம் அனுப்புவது நிற்கும், பையன் அனாதை இல்லத்துக்குப் போவான், செத்தவர் திரும்பப் போவதில்லை.

இது நாவலாசிரியர் கற்பனை செய்த மென்மையான நீதி என்று நினைக்க வேண்டாம். இதற்குப் பின்னால் நிஜமான வரலாறு இருக்கிறது. 1881இல் லகோட்டா என்ற வேறொரு பழங்குடி மக்களிடையே குரோ டாக் என்பவர் ஸ்பாட்டட் டெய்ல் என்ற தலைவரைக் கொன்றார். இரண்டு குடும்பங்களும் உட்கார்ந்து பேசி 600 டாலர், எட்டுக் குதிரை, ஒரு கம்பளி என ஈடு கொடுத்து முடித்துக்கொண்டன. வெளியே இருந்த வெள்ளையர்களுக்கு இது பொறுக்கவில்லை, வழக்குப் போட்டுத் தூக்குத் தண்டனை வரை போனது. 1883இல் உச்ச நீதிமன்றம் இதில் மத்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அவரை விடுவித்தது. உடனே 1885இல் அமெரிக்க நாடாளுமன்றம் பெருங்குற்றச் சட்டத்தைக் கொண்டுவந்து, பழங்குடி நிலத்தில் நடக்கும் கொலை முதலானவற்றை மத்திய அரசின் கைக்குள் எடுத்துக்கொண்டது. இந்த நாவல்களில் கொலை நடந்ததும் எஃப்.பி.ஐ. வந்து இறங்குவதும், ஊரும் மொழியும் தெரிந்த லீப்ஹோர்ன் ஓரமாக நிற்க வேண்டியிருப்பதும் இதன் விளைவுதான்.

நவாஹோ தேசமும் சும்மா இருக்கவில்லை. 1982இல் சமாதான நீதிமன்றம் என்ற அமைப்பைத் தொடங்கியது. மதிப்புள்ள ஒருவர் நடுவில் இருக்க, பாதிக்கப்பட்டவரும் தவறு செய்தவரும் இருவரின் உறவினர்களும் ஒன்றாக உட்கார்ந்து மனக்கசப்புத் தீரும்வரை பேசுவார்கள். ஈடு எவ்வளவு என்பதற்கு விலைப்பட்டியல் இல்லை, கசப்பு போகும் அளவுக்கு என்பதே கணக்கு.

சரி, ஜிம் செய்தது சரியா? எனக்கு ஒரு குறை உண்டு. சமாதான முறையில் செத்தவரின் குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கும், அவர்கள் பேசுவார்கள், வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். ஜிம்மோ தனியாளாக முடிவெடுத்துவிடுகிறார். ஹோஷோவின் பெயரால் எடுத்த முடிவில் பாதி உறவுகள் அறையிலேயே இல்லை. ஆனாலும் அந்தப் பையன் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வரும் இடத்தைப் படிக்கும்போது என் வாதம் தடுமாறிவிடுகிறது. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

கோயோட்டி என்ற குள்ளநரி எதற்கு அடிக்கடி வருகிறது?

எதையாவது கலைத்துவிடுவது அதன் வேலை. நட்சத்திரங்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தபோது பொறுமையில்லாமல் கம்பளியோடு உதறிச் சிதறடித்தது அது. மனிதர்களுக்குச் சாவு உண்டா இல்லையா என்று பார்க்கத் தண்ணீரில் கல்லைப் போட்டதும் அதுதான். மிதந்தால் சாவு இல்லை என்றது. கல் மூழ்கியது. இந்தக் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்ல வேண்டும், இடி இடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

வெளியாள் ஒருவர் இன்னொரு மக்களின் புனிதத்தை எழுதலாமா?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. நவாஹோ தேசம் 1987இல் ஹில்லர்மனை டினே மக்களின் சிறப்பு நண்பர் என்று கௌரவித்தது. நவாஹோ பள்ளிகளில் அவர் நாவல்களைப் பிள்ளைகள் படித்தார்கள். அதே சமயம், சடங்கின் உள்விவரங்களை அச்சில் போடுவதும் தோலுடுத்தும் சூனியக்காரரைப் பற்றிப் பேசுவதுமே தவறு என்று நினைக்கும் நவாஹோக்கள் ஏராளம். சூனியத்தைப் பேசுவது அதைக் கூப்பிடுவதற்குச் சமம் என்பார்கள். வெளியாட்கள் அந்தச் சொல்லை மலிவான திகில் கதைகளில் இழுத்துப்போட்டதற்கு ஹில்லர்மனின் புகழும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குச் சங்கடம் உண்டு.

மணல் ஓவியம் என்று ஒரு சடங்கு இருக்கிறது. வண்ண மணலால் தெய்வ உருவங்களைத் தரையில் மணிக்கணக்கில் வரைவார்கள். நோயாளி அதன் நடுவில் உட்காருவார். சடங்கு முடிந்ததும் அதைக் கலைத்துவிடுவார்கள். பார்த்து ரசிக்கப் பாதுகாத்து வைப்பது நோக்கமே இல்லை. புத்தகம் என்பதோ பாதுகாத்து வைக்கும் பொருள். இந்த முரண்பாட்டுக்கு நாவல்களில் தீர்வு இல்லை. நவாஹோ எழுத்தாளர்களின் கவிதைகளையும் நினைவுக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

தொலைக்காட்சித் தொடர் பார்த்தால் போதுமா?

2022இல் தொடங்கிய 'டார்க் விண்ட்ஸ்' நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் வரும் லீப்ஹோர்ன் நாவலின் லீப்ஹோர்ன் இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

எதில் தொடங்குவது?

வெளிவந்த வரிசையில் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் நாவலில் லீப்ஹோர்னுக்கே சின்ன இடம்தான். 'ஸ்கின்வாக்கர்ஸ்' படித்துவிட்டு உடனே 'எ தீஃப் ஆஃப் டைம்' படியுங்கள். முதலாவதில்தான் இரண்டு துப்பறிவாளர்களும் முதன்முறையாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள், எம்மாவின் நோயும் அதில்தான் தொடங்குகிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால்தான் இரண்டாவதில் லீப்ஹோர்ன் காலி வீட்டுக்குத் திரும்பும் பக்கங்களின் கனம் தெரியும். கையோடு நான்கு மாநிலங்கள் சந்திக்கும் அந்தப் பகுதியின் வரைபடம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ராக், சின்லி, டூபா சிட்டி, விண்டோ ராக் என்று ஊர்ப்பெயர்கள் வரும்போது விரலை வைத்துப் பாருங்கள். ஒரு சாட்சியைப் பார்க்க ஜிம் கிளம்பிவிட்டார் என்று ஒரே வரியில் வரும். அது ஒரு முழு நாள் பயணம்.